மடிப்பில் கை வைக்கும் முன்: எம்ஜிபி காரின் பின் ஆர்ச் வேலை

என் அப்பா தையற்காரர். பள்ளிப் பையனுக்குக் கால்சட்டை தைத்தால் அடியில் இரண்டு அங்குலத் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பார். பையன் வளர்ந்தால் பிரித்துவிடலாம். பிரிட்டனின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் பின் வீல் ஆர்ச்சுக்குள், அதாவது சக்கரத்தின் மேலே வளைந்திருக்கும் தகட்டுக்குள், முதல் தடவை கையை விட்டுத் தடவிப் பார்த்தபோது, அங்கே உள்பக்கமாகத் திரும்பியிருந்த தகட்டையும் அப்படி விட்டுவைத்த உபரி என்றே நினைத்தேன். அகலமான டயர் போட்டிருந்தேன், அது உரசியது. உபரிதானே, தகடு அறுக்கும் கிரைண்டரை வைத்து ஒரு இழு இழுத்தால் போகிறது என்று கிளம்பினேன். வட்டுத் தீர்ந்திருந்தது. கார் தப்பித்தது அதனால்தான்.

அந்த மடிப்புதான் காரின் தையல். வெளியே தெரிகிற பின் மட்கார்டு தகடு உள்ளே திரும்பி, சக்கரத்தை மூடியிருக்கும் உள் ஆர்ச் தகட்டோடு அங்கேதான் சேர்கிறது. வரிசையாக ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் இருக்கும். பெயிண்டும் அடிப்பூச்சுத் தாரும் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. டிஆர்6, ஸ்பிட்ஃபயர் மாதிரி டிரயம்ப் கார்களுக்குக் கீழே தனி சேஸி, அதாவது அடிச்சட்டம், உண்டு. எம்ஜிபிக்கு, 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் வந்த எல்லா வண்டிக்கும், தனி சேஸி கிடையாது. உடம்புதான் சேஸி. அதனால் ஆர்ச்சின் தையலைப் பிரித்தால் அழகு மட்டும் போகாது, பின்பக்கத்தின் விறைப்பும் கொஞ்சம் போகும். இரண்டு தகடுக்கும் நடுவே தண்ணீரும் சேறும் நேராக உள்ளே இறங்கும்.

என் வண்டி 1971 ரோட்ஸ்டர், திறந்த கூரை வண்டி. ராஸ்டைல் வகை இரும்பு ரிம், விட்டம் 14 அங்குலம், அகலம் 5ஜே, அதாவது 5 அங்குலம். அந்தக் காலத்தில் ரோட்ஸ்டருக்கு 155, மூடிய கூரையுள்ள ஜிடிக்கு 165 டயர். நான் போட்டது 185/70 ஆர்14: அகலம் 185 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 14 அங்குலம். உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கணக்குப் போட்டால் 165/80 டயரின் விட்டம் சுமார் 620 மி.மீ., 185/70 டயருக்கு 615. அகலம்தான் தொல்லை. 165-ஐ விட 20 மி.மீ. கூடுதல் என்றால் வெளிப்பக்கம் 10 மி.மீ. வருகிறது. டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அகலம் ஒரு குறிப்பிட்ட ரிம்மில் அளந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ரிம் அரை அங்குலம் கூடினால் டயரும் ஏறக்குறைய 5 மி.மீ. விரியும். அதே டயரை 6ஜே ரிம்மில் போட்ட நண்பரின் வண்டியில் நடப்பது வேறு கதை. ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) மாறினால் அது இன்னொரு கதை. இன்னொருவர் அளவை வாங்கி உங்கள் காரில் வேலை செய்யாதீர்கள்.

எங்கே உரசுகிறது, எப்போது உரசுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. எனக்கு இதிலேயே இரண்டு வாரம் போனது. டயரின் தோளிலும் பக்கச் சுவரிலும் சாக்பீஸை நனைத்து அழுத்திப் பூசினேன். மடிப்பின் ஓரம் முழுக்கக் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக ஒட்டினேன். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் இடப்பக்கம் மட்டும், மணிக்கூண்டில் சொல்வதென்றால் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரையிலான இடத்தில், உருண்டைகள் நசுங்கியிருந்தன. பக்கச் சுவரில் சாக் அழிந்திருந்தது. தோளில் அப்படியே இருந்தது.

இந்த வித்தியாசம் முக்கியம். தோளில் அழிந்திருந்தால் சக்கரம் மேலே ஏறி மடிப்பில் இடிக்கிறது: ஸ்பிரிங் தொய்ந்திருக்கலாம், வண்டியை அதிகம் தாழ்த்தியிருக்கலாம், பின்னால் சுமை கூடியிருக்கலாம். பக்கச் சுவரில் அழிந்திருந்தால் இரண்டு பின் சக்கரத்தையும் தாங்கும் ஆக்ஸில் பக்கவாட்டில் நகர்கிறது. என் வண்டி இடப்பக்கம் திரும்பும்போதுதான் இடப்பக்க டயர் உரசியது. வலப்பக்க வளைவில் பாரமெல்லாம் இடது சக்கரத்தில் விழும்போது அல்லவா உரச வேண்டும் என்று நான் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. இடப்பக்கம் திரும்பினால் உடம்பு வலப்பக்கம் தள்ளப்படுகிறது. டயர் சாலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உடம்போடு சேர்ந்து இடது ஆர்ச்சின் மடிப்பும் வலப்பக்கம், அதாவது டயரை நோக்கி வருகிறது. பஸ் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் சாய்வதைப் போலத்தான்.

எம்ஜிபியின் பின் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருப்பது இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள் மட்டுமே. குறுக்குத் தண்டு எதுவும் கிடையாது. ஸ்பிரிங்கின் முன் கண்ணில் போல்ட்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதாவது புஷ்; பின்னால் ஸ்பிரிங்கை உடம்போடு இணைக்கும் ஷேக்கிலில் ரப்பர் புஷ்கள். இவை நைந்துபோனால் ஆக்ஸில் ஊஞ்சலாடும். சக்கரத்தில் கால் வைத்து, உடம்பைப் பக்கவாட்டில் ஒருவரைத் தள்ளச் சொல்லி, மடிப்புக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். 6 மி.மீ. ஆட்டம் இருந்தது. புது புஷ்கள் போட்டு, ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்களை இறுக்கி, ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவிலுள்ள ரப்பர் மெத்தைகளை மாற்றியபின் 2 மி.மீ. ஆனது. ஒரு தகட்டையும் தொடாமல் 4 மி.மீ. கிடைத்துவிட்டது! புஷ் போல்ட்களை ஜாக்கியில் தூக்கி வைத்த நிலையில் கடைசியாக இறுக்காதீர்கள். வண்டி தன் காலில் நிற்கும்போது இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும்.

அடுத்தது இரண்டு பக்க இடைவெளியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டி, மடிப்பின் உள் ஓரத்திலிருந்து டயரின் உப்பிய இடம் வரை அளந்தேன். இடது 9 மி.மீ., வலது 17. எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்கு இது பழைய புலம்பல். இடது பின் சக்கரம்தான் பெரும்பாலும் மடிப்போடு மல்லுக்கு நிற்கும். யூ போல்ட்களைத் தளர்த்தி ஆக்ஸிலை நடுவுக்குத் தள்ளப் பார்த்தேன், ஒன்றரை மி.மீ.க்கு மேல் நகரவில்லை. சரி, மீதியைத் தகட்டில்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மேலே ஏறும் இடைவெளியைப் பார்க்க, டிக்கியில் மணல் மூட்டைகளை ஏற்றி, ஒரு பக்க ஆக்ஸில் குழாயின் கீழே ஸ்பிரிங் இருக்கையை ஒட்டி ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்கினேன். உடம்பு தரையிலிருந்து எழும்பத் தொடங்கும் வரை ஸ்பிரிங் அமுங்கும். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும்; இந்த நிலையில் யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, விரலைக்கூட ஆர்ச்சுக்குள் விடக் கூடாது. அளவுகோலுக்குப் பதில் களிமண் உருண்டையை விட்டு, இறக்கியபின் அதன் தடிமனை அளந்தால் போதும். 10 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

கணக்கு இப்படி. என் மடிப்பு உள்நோக்கி 14 மி.மீ. நீள்கிறது, ஏறக்குறைய கிடையாக. அதை 45 டிகிரி மேலே திருப்பினால் நீட்டம் 10 ஆகும், கிடைப்பது 4 மி.மீ. 60 டிகிரி திருப்பினால் நீட்டம் 7, கிடைப்பதும் 7. எனக்கு வேண்டியது ஆறு. முழுசாக மேலே ஒட்ட மடித்தால் பதிமூன்று கிடைக்குமே என்று கை துறுதுறுக்கும். இரண்டு தகடு இருக்கும் இடத்தில் அது நடக்காது. உள் தகடு எங்கேயும் போக இடமில்லாமல் வெளித் தகட்டைத் தள்ளும், மட்கார்டின் வெளிமுகத்தில் அலை அலையாகத் தெரியும். தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூடத் திருப்பாதீர்கள்.

இப்போது மடிப்பைச் சுத்தம் செய்யுங்கள். அடிப்பூச்சைச் சூடு காட்டிச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, வெல்டிங் புள்ளிகள் தெரியும்வரை. ஒரு சின்னக் காந்தத்தை வெளிப்புறம் ஆர்ச் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி இருக்கிறது. கூரான ஊசியால் உள்பக்கம் குத்திப் பாருங்கள். சத்தம் "டிக்" என்று வந்தால் தகடு, "சொத்" என்று போனால் துரு. முன்னால் கதவுக்குப் பின்னே, கதவுக்குக் கீழே ஓடும் சில் தகட்டோடு ஆர்ச் சேரும் கீழ் மூலையைத் தனியாகப் பாருங்கள். எம்ஜிபியில் துரு குடியிருக்கும் முதல் முகவரி அது.

இந்த ஆலோசனையை நான் இடப்பக்கம் கடைப்பிடித்தேன். வலப்பக்கம்தான் உரசவே இல்லையே, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று சும்மா லேசாகத் திருப்பலாம் என்று ஆரம்பித்தேன். காந்தம் வைக்கவில்லை. இரண்டாவது சுற்றில் "பட்" என்று ஒரு சத்தம். உள்ளங்கை அளவுக்குப் பட்டி பெயர்ந்து தரையில் விழுந்தது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது கொசுவலைக் கம்பி. எனக்கு முன் வைத்திருந்த யாரோ ஓட்டையைக் கம்பிவலையால் அடைத்து, பட்டி பூசி, மேலே பளபளவென்று பெயிண்டும் அடித்திருந்தார். அழகான வேலை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு மணி நேர வேலை ஐந்து வாரமானது. உரசாத பக்கத்தைத் தொடாதீர்கள்.

தகடு நல்லதாக இருந்தால் மடிப்பைத் திருப்ப இரண்டு வழி. சக்கரம் பூட்டும் ஹப்பில் பொருத்தி, தன் கையை நீட்டி, உருளையால் மடிப்பை அழுத்தும் கருவி ஒன்று இருக்கிறது. போல்ட் ரிம் வண்டிகளின் ஹப்பில் நாலு ஸ்டட், நாலரை அங்குல வட்டம், அதாவது 114.3 மி.மீ.; கருவியின் தட்டு அதற்குப் பொருந்துகிறதா பார்த்து வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். கம்பிச் சக்கர வண்டிக்கு ஹப் பல்வரிசையோடு இருப்பதால் அது பூட்டாது. அவர்களுக்குச் சுத்தியலும், மறுபக்கம் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டையான டாலியும்தான். நானே சுத்தியலைத்தான் விரும்புகிறேன். உருளை ஒரே சீராக அழுத்தும், உண்மைதான். ஆனால் வெல்டிங் புள்ளி இருக்கும் இடம் விறைப்பு, இல்லாத இடம் மென்மை. அதைக் கை உணரும், உருளை உணராது. டயருக்கும் மடிப்புக்கும் நடுவே தடிக் கட்டையைச் செருகி வண்டியை உருட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மட்கார்டு வெளியே பிதுங்கி நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

சுத்தியல் வழி: சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, வெளிமுகத்தில் ஆர்ச் ஓரத்துக்கு மேலே மறைப்பு நாடா நாலு அடுக்கு ஒட்டுங்கள். சூடான காற்று வீசும் துப்பாக்கியால் ஒரு சாண் நீளத்தைச் சூடாக்குங்கள். விரல் இரண்டு நொடிக்கு மேல் பொறுக்காத சூடு போதும். குளிர்ந்த பெயிண்ட் வெடிக்கும். பழைய பெயிண்ட் சூடு காட்டினாலும் சில இடம் முடியளவு வெடிக்கத்தான் செய்யும், அதற்குத் தயாராக இருங்கள். வெளியே மட்கார்டு ஓரத்தில் டாலியை அழுத்திப் பிடித்து, கீழிருந்து மேலாக மடிப்பின் நுனியைத் தட்டுங்கள். தோல் சுற்றிய சுத்தியல் அல்லது நைலான் முகம். ஒரு சுற்றில் பத்து டிகிரிக்கு மேல் வேண்டாம். நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் போங்கள், திரும்ப நடுவுக்கு வாருங்கள். என் இடப்பக்கம் ஆறு சுற்று எடுத்தது. திருப்பிய பகுதி திடீரென்று முடியாமல், இரண்டு முனையிலும் ஒரு கை அகலத்துக்குப் படிப்படியாகப் பழைய கோணத்துக்கு வர வேண்டும். திடீரென்று நின்றால் அந்த இடத்தில் பின்னாளில் விரிசல் வரும். சுற்றுக்குச் சுற்று வெளிமுகத்தில் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். கண் ஏமாறும், உள்ளங்கை ஏமாறாது. அப்பா துணியின் சுருக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார்.

ஏழெட்டு மில்லிமீட்டரில் தீராது, இன்னும் வேண்டும் என்றால் வெட்டி ஒட்டும் வேலை. இதைச் செய்வதற்கு முன் சின்ன டயர் போடலாமா என்று ஒரு இரவு யோசியுங்கள். பிறகும் வேண்டும் என்றால், சீட்டுக்குப் பின்னால் உள்ள பேட்டரியை முதலில் வெளியே எடுங்கள். 1974 வாக்கில் ஒரே 12 வோல்ட் பேட்டரி வரும்வரை அங்கே 6 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். ஆர்ச்சுக்கு மிக அருகில்தான். ஆல்டர்னேட்டர் இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க் டிக்கிக்கு அடியில் இருக்கிறது; நான் அதை இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்தேன், குழாய் முனைகளை அடைத்தேன். கம்பளம், உள் அட்டைகள் எல்லாம் வெளியே. பழைய மெழுகும் தாரும் பற்றிக்கொள்ளும். தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், வெல்டிங் முடிந்த பிறகும் அரை மணி நேரம்.

மடிப்பு முழுவதையும் ஒரே இழுப்பில் வெட்டாதீர்கள். 150 மி.மீ. நீளமுள்ள துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டில் வெல்டிங் புள்ளிகளைத் துளையிட்டுப் பிரித்து, வெளித் தகட்டின் மடிப்பை உள்முகத்தோடு ஒட்ட மேலே மடித்து, உள் தகட்டின் நுனியைக் குறைத்து அதன்மேல் படியவைத்து, 6 மி.மீ. துளைகள் வழியாக 30 மி.மீ. இடைவெளியில் வெல்டிங் நிரப்புங்கள். அது ஆறியபின் அடுத்த துண்டு. பக்கத்துத் துண்டு வேண்டாம், தள்ளியிருக்கும் துண்டுக்குப் போங்கள். சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் மட்கார்டு அப்பளம்போல் நெளியும். தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். எம்ஐஜி வெல்டரில் 0.6 மி.மீ. கம்பி, ஆர்கான் கலந்த வாயு. தொடர்ச்சியாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக வையுங்கள்.

அகலமான டயரை மூட வெளியே ஒட்டும், செப்ரிங் என்ற பந்தயக் கார் பாணி ஃபைபர் ஆர்ச்சைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்காது, அது என் ரசனை. போடுபவர்களும் இதை மட்டும் விட்டுவிடக் கூடாது: ஃபைபர் வெளியே மூடுகிறது என்பதால் உள்ளே பழைய மடிப்பை வெட்டிவிட்டுத் தகடுகளைத் திறந்தபடி விடாதீர்கள். முதலில் இரண்டையும் சேர்த்து வெல்டிங் செய்துவிட்டுப் பிறகு ஃபைபரை ஒட்டுங்கள். எம்ஜி கம்பெனியே பின் ஆர்ச்சில் கைவைத்துப் பின்வாங்கியது உண்டு. மிட்ஜெட் என்ற தங்கள் சின்னக் காருக்கு 1972-இல் பின் ஆர்ச்சை அழகான வட்டமாக்கினார்கள். 1974-இல் ரப்பர் பம்பர் வந்தபோது பழைய தட்டையான வடிவுக்கே திரும்பினார்கள்; வட்ட ஆர்ச்சோடு பின்பக்கத்தின் பலம் போதவில்லை என்பது காரணம்.

ரப்பர் பம்பர் என்றதும் இன்னொன்று. 1974 கடைசியிலிருந்து வந்த எம்ஜிபிகள் உயரமாக நிற்கும். பலர் அவற்றைப் பழைய உயரத்துக்கு இறக்குகிறார்கள். இறக்குவதாக இருந்தால் முதலில் இறக்குங்கள், ஆர்ச் வேலை அதற்குப் பிறகு. வரிசை மாறினால் இரண்டு தடவை செய்ய வேண்டும்.

கடைசியில் மூடும் வேலை. வெறும் தகடு தெரிகிற இடமெல்லாம் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். அது காய்ந்தபின் இரண்டு தகடும் சேரும் கோட்டில் சீலர் பூசி, விரலால் அழுத்தி இழுங்கள். மேலே பெயிண்ட், அதற்கு மேல் அடிப்பூச்சு. அப்புறம் உள்ளிருந்து: டிக்கிப் பக்கம் வழியாக நீளக் குழாயை விட்டு, இரண்டு தகடுக்கு நடுவிலுள்ள பொந்தில் மெழுகைத் தாராளமாகத் தெளியுங்கள். சுத்தியல் தட்டிய இடத்தில் உள்ளே பழைய பூச்சு உதிர்ந்திருக்கும், உங்களுக்குத் தெரியாது. அதற்குத்தான் இந்த மெழுகு. கீழ் மூலையில் தண்ணீர் வடியும் ஓட்டையைச் சீலரால் அடைத்துவிடாதீர்கள். நான் அடைத்துவிட்டு மறுநாள் குத்தித் திறந்தேன்.

சக்கரத்தைப் பூட்டி, மறுபடி சாக்பீஸ், மறுபடி மணல் மூட்டை. இடப்பக்கம் 9 இருந்த இடத்தில் இப்போது 17 மி.மீ., வலப்பக்கத்துக்குச் சமம். ஒரு ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து, டேங்கை நிரப்பி, இடப்பக்கம் திரும்பும் அதே வளைவில் நாலு தடவை போய்வந்தேன். சாக் அப்படியே இருந்தது. ஆர்ச்சின் உச்சியில் முடியளவு ஒரு பெயிண்ட் வெடிப்பு மட்டும் உண்டு. முதல் வாரம் வெயில் ஏறும்போது உள்ளிருந்து மெழுகு டயரில் சொட்டும். பழைய துணியால் துடைத்துவிடுங்கள், டயர் தரையைத் தொடும் பகுதியை மறக்காமல்.